வாயில்லா ஜீவனும் ஒரு டப்பா மாவும்

சென்ற இதழில் மோர் வகைகளைப் பற்றி எழுதி முடிக்கும்போது, "எங்கள் வீட்டுக்குப் புது விருந்தாளி வந்திருக்கிறது, அடுத்த தடவை சொல்கிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். பேரனா, பேத்தியா என்று கேட்டு நாலைந்து சகோதரிகள் கடிதமே எழுதிவிட்டார்கள். மன்னிக்க வேண்டும். விருந்தாளிக்கு நாலு கால், ஒரு வால்.

தை மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதர்களோடு மாமல்லபுரம் போன என் பிள்ளை, சாயங்காலம் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்து நின்றான். தேவனேரிக் குப்பத்தில் வலை உலர்த்தியிருந்த இடத்தில் நாலு குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தனவாம். ஒன்று இவன் பின்னாலேயே வந்துவிட்டதாம். நாய்தான் பின்னால் வந்தது, ஆனால் அது சட்டைக்குள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. முழுக் கறுப்பு. நெற்றியில் மட்டும் சுண்டுவிரல் அகலத்துக்கு வெள்ளை. அதனால் 'சுண்டு' என்று பெயர் வைத்தோம். இரண்டு மாசம்கூட நிறையாத குட்டி. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

இனிமேல் நான் செய்தது எல்லாம் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

"முதலில் உடம்பு தேறட்டும், அப்புறம் ஊசி போட்டுக்கொள்ளலாம்" என்று நான் முடிவு செய்தேன். நோஞ்சான் குழந்தைக்கு அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி இப்படித்தான் சொல்வாள். டவுனில் பிராணிகளுக்கான சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். மேலே ஒரு கொழுகொழு நாயின் படம். "புரோட்டீன் பவுடர்மா. எதிர்ப்பு சக்தி தானா வரும். வயிறும் சுத்தமாயிடும். தினம் ரெண்டு ஸ்பூன் பால்ல கலந்து குடுங்க. ஊசிக்கு ஒண்ணும் அவசரமில்லே" என்றார். அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆயிற்று. வீட்டில் அவர், "எனக்குக் காப்பியில் போடுகிற சர்க்கரையை அளக்கிறாய், இதற்கு அறுநூறா!" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஸ்பூன் போட்ட இரண்டாம் நாளே பேதி. தண்ணீராக இல்லை, கூழ் மாதிரி, நாற்றம் சகிக்கவில்லை. சத்து பிடிக்கிறவரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று, இன்னும் ஒரு ஸ்பூனைக் கூட்டினேன். பத்து நாள் இப்படி ஓடியது. பதினோராம் நாள் காலையில் சுண்டு சாப்பிடவில்லை. மத்தியானம் வாந்தி. ராத்திரி பேதியில் ரத்தம். குட்டியைத் தூக்கினால் துணிபோல் தொங்குகிறது. என் பிள்ளை அழுதே விட்டான், இருபத்திரண்டு வயசுப் பிள்ளை!

மறுநாள் விடியற்காலையிலேயே எங்கள் கால்நடை டாக்டரம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். பார்த்தவுடனேயே அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஊசி போட்டாச்சா?"

அதற்கு நான் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இது பார்வோம்மா. உங்க டப்பாவால வந்ததில்லே. ஆனா ஊசியைத் தள்ளிப் போட்டீங்க பாருங்க, அதனால வந்தது" என்றார்.

பார்வோ என்பது ஒரு வைரஸ். 1978-க்குப் பிறகு உலகம் முழுவதும் நாய்களிடையே பரவிய வியாதி. நம் நாட்டில் இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர்கள் நம் சென்னைக்காரர்கள்தான், 1982-ல். பெரிய நாய்கள் ஓரளவு தாங்கும், குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். இந்தக் கிருமியைப் பற்றி டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட பிறகுதான், சத்து, வயிறு, எதிர்ப்பு சக்தி மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

தேங்காய்ப்பூத் துண்டு இருக்கிறதல்லவா, சிறுகுடலின் உள்பக்கம் அந்த மாதிரி இருக்குமாம். நெருக்கமாக, பூப்பூவாக, லட்சக்கணக்கில் சின்னச் சின்ன விரல்கள். சாப்பிட்ட சத்தை உறிஞ்சுவது அந்த விரல்கள்தான். அவை சில நாளுக்கொரு தடவை தேய்ந்து உதிர்ந்து, அடியிலிருந்து புதிதாய் முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி வேகமாகப் பெருகுகிற இடமாகப் பார்த்துத்தான் பார்வோ போய் உட்காருகிறது. ஒன்று குடலின் அந்த வேர்ப்பகுதி, இன்னொன்று எலும்பு மஜ்ஜை. குடலில் துண்டின் பூவெல்லாம் உதிர்ந்து மொட்டைத் துணியாகிவிடும். மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் உற்பத்தி நின்றுவிடும். கோட்டைச் சுவரும் இடிகிறது, உள்ளே இருக்கிற சிப்பாயும் மாய்கிறான். அப்புறம் வயிற்றில் சும்மா கிடந்த கிருமிகளெல்லாம் ரத்தத்தில் புக வேண்டியதுதான் பாக்கி.

இதில் புரதம் எங்கே வருகிறது? சுவரின் செங்கல்லும் அதுதான், சிப்பாயின் கையிலுள்ள ஆயுதமும் அதுதான். குடல் விரல்கள் புரதத்தால் ஆனவை. கிருமியைப் பிடிக்கிற எதிர்ப்பொருள் புரதமே. அதனால் புரதம் போதாத குட்டிக்கு எதிர்ப்பு சக்தி குறையும், ஊசி போட்டாலும் நன்றாகப் பலிக்காது. இது உண்மை. கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ஆனால் தேவைக்கு மேல் போட்டால் சிப்பாய்கள் கூடுவதில்லை. உடம்பு புரதத்தைச் சர்க்கரை டப்பா மாதிரி சேமித்து வைக்காது. மிஞ்சியதை ஈரல் உடைத்து யூரியாவாக்கும், சிறுநீரகம் வெளியே தள்ளும். ஜீரணமாகாமல் பெருங்குடலுக்கு இறங்கின புரதத்தை அங்கேயுள்ள கிருமிகள் அழுக வைக்கும். சுண்டுவின் பேதியில் அடித்த நாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், டப்பாவிலிருந்த பால் பவுடர். எல்லாவற்றுக்கும் மேலே, குப்பத்தில் மீனும் சோறும் தின்ற வயிற்றுக்கு ஒரே நாளில் மாவுக் கஞ்சி. எந்தச் சாப்பாட்டையும் ஒரு வாரமாவது பழசோடு கலந்து கலந்துதான் மாற்ற வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

சரி, சுண்டுவுக்கு வருவோம். கையில் ஊசி குத்தி ஸலைன் ஏற்றினார்கள். வாந்தி நிற்க ஊசி, வேறு கிருமி பரவாமலிருக்க ஊசி. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மறுநாளே மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைப் போட்டு, சொட்டுச் சொட்டாகச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. "வாந்தி எடுக்கிற குட்டிக்குச் சாப்பாடா டாக்டர்? லங்கணம் பரம ஒளஷதம் என்பார்களே!"

"நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தாம்மா பட்டினி போட்டோம்" என்றார். தென் ஆப்பிரிக்காவில் 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொன்னார். பார்வோ வந்த முப்பது குட்டிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்களாம். ஒரு கூட்டத்துக்கு வாந்தி நிற்கிறவரை பட்டினி, இன்னொன்றுக்கு ஆரம்பத்திலிருந்தே குழாய் வழியாக ஆகாரம். ஆகாரம் கிடைத்த கூட்டம் சீக்கிரம் எழுந்து உட்கார்ந்தது, எடையும் கூடியது. குடலின் விரல்களுக்குச் சாப்பாடு ரத்தத்திலிருந்து மட்டும் வருவதில்லை, குடலுக்குள்ளே ஓடுகிற ஆகாரத்திலிருந்தே நேராக எடுத்துக்கொள்கின்றன. அதைப் பட்டினி போட்டால் மொட்டைத் துணியில் பூ எப்படித் திரும்ப முளைக்கும்? (இதைப் படித்துவிட்டு வீட்டில் வாந்தி எடுக்கிற குட்டியின் வாயில் கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அது டாக்டர் கையால் நடக்க வேண்டிய காரியம்.)

ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் சுண்டு என் புடவைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. அந்தக் கிழிசலை நான் இன்னும் தைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வீம்பு. அந்த டப்பாவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். நூறு கிராமில் 20 கிராம் புரதம். மீதியில் பெரும்பாகம் சர்க்கரையும் பால் பவுடரும் மால்ட்டும். ஒரு ஸ்பூன் ஐந்து கிராம். அப்படியானால் ஒரு ஸ்பூனில் ஒரே ஒரு கிராம் புரதம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் இருக்கிறது, சகோதரிகளே! ஆறு ஸ்பூன் மாவும் ஒரு முட்டையும் சமம். முட்டை என்ன விலை, டப்பா என்ன விலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வயிற்றெரிச்சல்.

எல்லா டப்பாவும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். எழுபது, எண்பது சதவிகிதம் புரதமுள்ள தூள்களும் உண்டு. ஆனால் எந்த டப்பாவானாலும் மேலே போட்டிருக்கிற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 'குரூட் புரோட்டீன்' என்று எழுதியிருப்பார்களே, அது எப்படி அளப்பது தெரியுமா? பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஆறேகாலால் பெருக்குவார்கள். அவ்வளவுதான். அந்த நைட்ரஜன் முட்டையிலிருந்து வந்ததா, கோழி இறகிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. நாயின் வயிற்றில் ஜீரணமாகுமா என்றும் சொல்லாது. இந்த ஓட்டையில் புகுந்துதான் 2007-ல் பெரிய அக்கிரமம் நடந்தது. சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் கணக்கைக் கூட்டிக் காட்டுவதற்காக மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். (மெலமைன் தட்டு என்று சமையலறையில் வைத்திருக்கிறோமே, அதைச் செய்கிற சரக்கேதான்.) அதைப் போட்டுச் செய்த உணவைத் தின்று அமெரிக்காவில் எத்தனையோ நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மறு வருஷம் 2008-ல், அதே மோசடி சீனாவில் கைக்குழந்தைகளின் பால் பவுடரிலேயே வெளிப்பட்டது. நாயின் டப்பாதானே என்று அசட்டையாக விட முடியுமா, சொல்லுங்கள்.

உடம்பு தேறியதும் சுண்டுவின் தாயைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் பிள்ளையும் கிளம்பினோம். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போகிறது. மலையைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம். சின்ன வயசில் அப்பா தோளில் உட்கார்ந்து, உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1990-களோடு அந்தக் காட்சி நின்றுபோயிற்று. மாமிசம் தின்கிற பறவை பொங்கல் தின்னுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, பக்தி. ஆனால் நாய் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு விஞ்ஞானமே பதில் சொல்லியிருக்கிறது. சோற்றுமாவை ஜீரணிக்கிற ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாயிடம் நாலிலிருந்து முப்பது வரை. 2013-ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் வெளியிட்ட கணக்கு இது. மனிதன் பயிரிட ஆரம்பித்து, அவன் வீசிய சோற்றை ஆயிரக்கணக்கான வருஷம் தின்று தின்று, நாயின் வயிறே மாறிவிட்டது. ஆகையால் "நாய்க்குச் சோறே ஆகாது, மாமிசம்தான்" என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டியதில்லை. குழைய வெந்த சோறு தாராளமாக ஆகும். ஆனாலும் ஆசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் அது வேறு. கொல்கத்தாவில் தெருநாய்களை வைத்துச் சோதித்தவர்கள், மாமிச வாசனை வந்த பக்கத்துக்குத்தான் அவை முதலில் வாயை வைக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு, எங்கள் சுண்டுவைக் கேட்டால் சொல்லியிருக்கும்!

குப்பத்தில் அந்த அம்மா வாசலிலேயே அடுப்பு மூட்டி, மண்சட்டியில் ஏதோ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வலையில் நசுங்கின நெத்திலி, காரப்பொடி, விலை போகாத பொடி மீன் எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டு, பழைய சோற்றோடு பிசைந்து தாய் நாய்க்கு வைக்கிறாள். "பச்சையா வுடமாட்டேன்மா. பச்ச மீன் தின்னா நடக்கத் தடுமாறும்னு எங்க ஆயா சொல்லும்" என்றாள். எனக்கு ஆச்சரியம். நெத்திலி, மத்தி வகை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு சரக்கு இருக்கிறது. பச்சையாகவே தினம் போட்டால் நரம்பு தளர்ந்து நடை தள்ளாடும், வேகவைத்தால் அந்தச் சரக்கு செத்துவிடும். ஆயாவுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கிறது. கரையில் ஒதுங்கும் பேத்தை மீனை மட்டும் உடனே குழி தோண்டிப் புதைத்துவிடுவாளாம், அது விஷம். கருவாடும் போடுவதில்லை, உப்பு.

இவ்வளவு நல்ல சாப்பாடு. தாய் நாயின் தோல் பளபளவென்று மின்னுகிறது. "மத்த குட்டிங்க எங்கேம்மா?" என்று கேட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டு செத்துடுச்சும்மா. ரத்தமா போச்சு. ஒண்ணுதான் கீது."

டப்பா மாவு தின்ற குட்டிக்கும் அதே வியாதி, அருமையான மீன் சோறு தின்ற குட்டிகளுக்கும் அதே வியாதி. சோற்றைச் சரி செய்ய முடியும், ஆனால் சோறு ஊசியின் வேலையைச் செய்யாது. பிழைத்தால், குழாயும் ஸலைனும் கிடைத்ததால் பிழைக்கும். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் எட்டாத தூரம். நான் அந்த இடத்தில் நின்று எதுவும் பேச முடியவில்லை. என் பிள்ளை மிச்சமிருந்த குட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

இங்கே சீம்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மாடு கன்று போட்டால் சீம்பால் காய்ச்சி, வெல்லம் ஏலக்காய் போட்டுத் திரட்டி ஊர் முழுக்கக் கொடுப்போம். நாயும் குட்டி போட்டவுடன் சுரப்பது சீம்பால்தான். தாயின் எதிர்ப்பொருள்களில் கருப்பையில் இருக்கும்போதே குட்டிக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி முதல் நாள் சீம்பாலில் இறங்குகிறது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அந்தக் கதவை மூடிவிடும். தாய் கொடுத்த அந்தக் கவசம் ஆறு வாரத்திலிருந்து பதினாறு வாரத்துக்குள் தேய்ந்து போகும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் என்று வெளியே தெரியாது. கவசம் இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி பலிக்காது, தேய்ந்த பிறகு போடாவிட்டால் குட்டி அம்போ. அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கொரு தடவையாகப் பதினாறு வாரம் வரை திருப்பித் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். டாக்டர்கள் காசு பறிக்கிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

புரதத் தூள்களிலேயே ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பு சக்தி விஷயத்தில் உருப்படியான சாட்சி இருக்கிறதாக டாக்டரம்மா சொன்னார். அதுவும் சீம்பால்தான், பசுவின் சீம்பாலை உலர்த்திய தூள். 2013-ல் வெளியான சோதனை அது. இருபத்துநாலு வளர்ந்த நாய்களில் ஒரு பாதிக்கு, சாப்பாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு சீம்பால் தூளைக் கலந்து நாற்பது வாரம் கொடுத்தார்கள். நடுவில் டிஸ்டெம்பர் ஊசி போட்டபோது அந்த நாய்களின் உடம்பு அதிக எதிர்ப்பொருள் உண்டாக்கியது. குடலிலும் எதிர்ப்பொருள் கூடியது, குடலில் வாழும் நல்ல கிருமிகளின் கூட்டமும் பலவகையாக, நிலையாக இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு விஷயத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையை நடத்தியது நாய் உணவு தயாரிக்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகள். இன்னொன்று, அங்கேயும் சீம்பால் ஊசிக்குத் துணையாக நின்றது, ஊசிக்குப் பதிலாக அல்ல.

இனி வீட்டுக் கணக்கு. பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 18 கிராமுக்குப் பக்கத்தில் நல்ல புரதம் இருந்தால் போதும். ஒரு முட்டை 6 கிராம். முள் நீக்கிய மீன் ஐம்பது கிராம் போட்டால் 10 கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் 4 கிராம் தானாகவே வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், இருபது! மரக்கறி வீடானால் முட்டையாவது சேர்க்க மனசு வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் தயிரும் நன்றாகக் குழைந்த பருப்பும் மட்டும் வைத்து ஒப்பேற்றுவது சிரமம், டாக்டரிடம் கேட்டு ஒரு தூள் வாங்குவதில் தப்பே இல்லை. வளரும் குட்டிக்கு எடைக்கு எடை பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேலேயே வேண்டும். அதோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். வெறும் சோறும் முள் எடுத்த மீனுமாக வளர்ந்தால் கால் வளைந்துவிடும். எவ்வளவு என்பதை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள், அதிகமானாலும் எலும்புக்குக் கெடுதல்.

முட்டையை வேகவைத்துத்தான் போட வேண்டும். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப் போட்டுவிடும். வெந்த கோழி எலும்பு குடலைக் குத்தும். நம் குழம்பிலிருந்து எடுத்துப் போடுகிற துண்டில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அவை நாயின் ரத்தத்துக்கு ஆகாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று சொல்கிறேன். பிள்ளைகள் உடற்பயிற்சிக்குப் போய்விட்டுக் கரைத்துக் குடிக்கிறார்களே 'வே புரோட்டீன்', அதை ஒரு நாளும் நாய்க்குக் கொடுக்க விடாதீர்கள். அதில் சிலவற்றில் இனிப்புக்காக சைலிட்டால் சேர்க்கிறார்கள். மனுஷருக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்குக் கொஞ்சம் போனாலே ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும், ஈரலும் போகும். சாக்லேட் வாசனையானால் அது வேறு கெடுதல்.

தூள் யாருக்கு வேண்டும்? வியாதியில் மெலிந்து எழுந்த நாய்க்கு, பால் கொடுக்கிற தாய்க்கு, வயசாகித் தசை வற்றிய நாய்க்கு டாக்டர் சொன்னால் கொடுக்கலாம். சில நாய்களுக்குக் கோழி, பால் என்று ஏதாவது ஒரு புரதமே ஒவ்வாமல் ஓயாமல் பேதியும் அரிப்புமாக இருக்கும். அவற்றுக்கென்று புரதத்தை முன்கூட்டியே துண்டுதுண்டாக உடைத்த ஆகாரம் உண்டு, உடம்புக்கு அடையாளம் தெரியாததால் சண்டை போடாது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கோ கூட்டவே கூடாது. ரத்தப் பரிசோதனை செய்யாமல் கிழ நாய்க்குத் தெம்புக்கென்று டப்பா வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வீட்டைச் சுத்தம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், இது நமக்கே உள்ள வேலை. பார்வோக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாசக்கணக்கில் உயிரோடிருக்கும். நான் முதலில் பினாயிலைக் கொட்டிக் கழுவினேன். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். பினாயிலை நம்ப முடியாது. துணி வெளுக்கிற பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். முதலில் அசிங்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் இதை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். பினாயிலையும் பிளீச்சையும் சேர்த்துக் கலக்காதீர்கள், மூச்சு முட்டும். சுண்டு படுத்த சாக்கைக் கொளுத்திவிட்டேன்.

சுண்டுவுக்கு இரண்டாவது ஊசி போட்டாயிற்று, மூன்றாவது வரும் வெள்ளிக்கிழமை. வெறிநாய்க்கடி ஊசியும் அன்றைக்கே. தேவனேரிக் குட்டியையும் அதே நாளில் பஸ்ஸில் கூட்டி வருவதாக அந்த அம்மா போனில் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டாள். மீன் கூடையில் வைத்து மூடிக்கொண்டு வா என்றேன்.

டப்பாவில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. அவர் நேற்று ராத்திரி அதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "போர்ன்விட்டா மாதிரிதான் இருக்கு" என்றார். அப்புறம் அளவு கொஞ்சம் குறைந்தாற்போல் எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை.

அடுத்த இதழில் மாவடு.